துதியும் வசையும்

கேரள சுகாதாரத்தைப் பற்றி நான் பார்த்த ஆவணப்படங்கள் இரண்டே வகை: துதி, இல்லையென்றால் வசை. துதி பாடுகிறவர் குழந்தை இறப்பு விகிதத்தைக் காட்டுவார். 2023 கணக்கில் ஆயிரத்துக்கு 5, நாட்டின் சராசரி 25. நிஜம்தான். ஆனால் வைத்தியத்துக்கு மக்கள் கைக்காசை அதிகம் இறைக்கும் மாநிலங்களில் கேரளமும் ஒன்று என்பது அந்தப் படத்தில் வராது.

அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் மைக்கேல் மூரும் 'சிக்கோ'வில் (2007) இதைத்தான் செய்தார். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளை வெளுத்து வாங்கினார், நியாயம். ஆனால் கனடா கிளினிக்கில் காத்திருந்தவர்களிடம் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டவர், அங்கே மூட்டு அறுவைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைத் தேடிப் போகவில்லை.

திருவனந்தபுரத்தில் பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கியபடி ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு ஓடுகிற மார்த்தாண்டம், நாகர்கோவில்காரர்களைப் பாருங்கள். "டாக்டர் தங்கமான மனுஷன், கூட்டந்தான் தாங்கல" என்பார்கள். ஒரே மூச்சில் இரண்டும்! எந்த இயக்குநருக்கும் இது வாய்ப்பதில்லை.

2025 ஜூனில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி சிறுநீரியல் (யூராலஜி) துறைத் தலைவர் டாக்டர் ஹாரிஸ் சிறக்கல், கருவி இல்லாமல் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போவதாக முகநூலில் எழுதினார். உடனே அரசின் பெயரைக் கெடுக்கிறார் என்று ஒரு கூட்டம், கேரள மாடல் செத்தது என்று இன்னொரு கூட்டம். அவர் கேட்டது கருவி!

படத்தில் அமைச்சருக்கு ஐந்து நிமிஷம், எதிர்க்கட்சிக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தால் சமநிலை வந்துவிடாது. அடுத்த முறை ஆஸ்பத்திரிப் படம் பார்த்தால், முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியல்வரை உட்காருங்கள். பணம் போட்டது யாரென்று பாருங்கள்.