பிரிக்காத பெட்டி

முதல் தேதி என்றாலே எனக்கு மளிகை லிஸ்ட்தான் நினைவுக்கு வரும். சம்பளம் கைக்கு வந்த அன்றே துவரம்பருப்பு, உளுந்து, புளி, மிளகாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், சாயங்காலம் கடைப்பையன் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். அதோடு ஏதாவது ஒரு 'ஃப்ரீ' வரும். சோப்புத் தூளுக்கு பிளாஸ்டிக் பக்கெட், காபித் தூளுக்கு எவர்சில்வர் ஸ்பூன், டீத் தூளுக்குக் கண்ணாடி டம்ளர். மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுப் பரணில் அப்படி வந்த பக்கெட்டுகள் மூன்று, ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றைக்கூட நான் தண்ணீர் பிடிக்க எடுத்ததில்லை. 'புதுசு, இருக்கட்டும்' என்று வைத்ததுதான்.

அதனால், போன வருஷம் நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, மாப்பிள்ளையின் வியாதி எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

ஏப்ரல் கடைசியில் போய் இறங்கினேன். ராப்பகல் மாறிப்போனதில் தூக்கம் வரவில்லை. ராத்திரி 12 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், ஹாலில் மாப்பிள்ளை லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஆபீஸ் வேலை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன்.

"இல்லை அத்தை, ஒண்ணாம் தேதி பொறந்தாச்சு. புது லெகோ செட் எல்லாம் இப்பதான் விற்பனைக்கு வருது" என்றார், பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கிற பையன் முகத்தோடு.

எனக்கு விளக்கமும் சொன்னார். மாதா மாதம் சலுகை மாறும். இத்தனை டாலருக்கு மேல் வாங்கினால் ஒரு குட்டி செட் இலவசம். அதைக் கடையில் தனியாக வாங்க முடியாது. சில நாட்களில் பாயின்ட் இரண்டு மடங்கு. பாயின்ட் சேர்ந்தால் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம். மே 4-ம் தேதி 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்களுக்குத் தனிச் சலுகை. 'மே ஃபோர்த்' என்று இங்கிலீஷில் சொல்லும்போது அந்தப் படத்தில் வரும் ஒரு வாழ்த்து மாதிரி ஒலிக்கிறதாம், அதனால் அது அவர்களுக்குத் திருநாள். ஆடித் தள்ளுபடியையும் அட்சய திருதியையையும் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

நான் ரிட்டயர்டு கணக்கு டீச்சர். கை சும்மா இருக்குமா? அவர் வாங்க நினைத்த செட் 99.99 டாலர். இலவசம் கிடைக்க 130 டாலர் ஆக வேண்டும். அதற்காக 34.99 டாலரில் இன்னொரு பெட்டியைச் சேர்த்தார். நியூஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவீதம். காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை, உங்க இலவசத்தோட விலை 37 டாலர் 31 சென்ட்."

"ஆனா அத்தை, கூட ஒரு செட்டும் வருதே!"

"அதை வாங்கணும்னு இன்னிக்குக் காலையில நினைச்சீங்களா?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்திவிட்டார்.

அந்தப் பெட்டிகள் எங்கே போகின்றன என்று நாலு நாள் கழித்துத் தெரிந்தது. போர்வை தேடிப் படுக்கையறை அலமாரியைத் திறந்தேன். தரையிலிருந்து தலைக்கு மேல் வரை பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. 23 பெட்டிகள், எதிலும் சீல் உடையவில்லை.

"சில செட்டை ரெண்டு மூணு வருஷத்துல ரிட்டயர் பண்ணிடுவாங்க அத்தை. அப்புறம் தயாரிக்க மாட்டாங்க. பிரிக்காம வெச்சிருந்தா விலை ஏறும்."

"ரிட்டயர் ஆனா விலை ஏறுமா? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!" என்றேன். மகள் சமையலறையிலிருந்து சிரித்தாள். ஆனால் அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றுவிட்டதையும் கவனித்தேன். "எத்தனை பெட்டிய வித்திருக்கார்னு கேளும்மா" என்றாள். ஒன்றுகூட இல்லை.

பேரனுக்கு ஏழு வயது. அவனுக்கென்று ஒரு ஷூ டப்பா நிறைய பழைய கட்டைகள் உண்டு. யாரோ பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடு மாறிப் போகும்போது கொடுத்தது. மத்தியானங்களில் நானும் அவனும் அதை வைத்துக்கொண்டு உட்காருவோம்.

ஒருநாள் நூலகத்திலிருந்து லெகோ வரலாறு பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்தான். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர். ஊரெல்லாம் பணமுடை, வீடு கட்டுவார் இல்லை. பிழைப்புக்காக 1932-ல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். டேனிஷ் மொழியில் 'லெக் கோட்' என்றால் 'நன்றாக விளையாடு' என்று அர்த்தம். அதைச் சுருக்கித்தான் லெகோ. அவருடைய மகன் ஒருமுறை மர வாத்துகளுக்கு மூன்று கோட் வார்னிஷுக்குப் பதிலாக இரண்டு கோட் அடித்துக் காசு மிச்சம் பிடித்ததாகப் பெருமையாகச் சொன்னாராம். அப்பா விடவில்லை. ஸ்டேஷனுக்கு அனுப்பிய வாத்துகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, மூன்றாவது கோட்டையும் அடிக்கவைத்தார்.

அந்த மகன் காலத்தில்தான், 1958-ல், இப்போதிருக்கும் கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். மேலே குமிழ், உள்ளே குழாய். குமிழைக் குழாய் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அன்று செய்த கட்டை இன்று செய்யும் கட்டையோடும் பொருந்தும் என்று படித்ததும் எனக்குக் குஷியாகிவிட்டது. நான் பிறந்த வருஷமும் 1958.

"பாட்டி, நீயும் லெகோவும் ஒரே வயசு" என்றான்.

"ஆமாம். எனக்குத்தான் முட்டி பொருந்தமாட்டேங்குது."

அன்றைக்கு அவனுக்கு ஒரு கணக்கு வைத்தேன். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டை இரண்டு. ஒன்றின் மேல் ஒன்றை எத்தனை விதமாகப் பொருத்தலாம்? தாளில் கட்டம் போட்டு உட்கார்ந்தோம். இரண்டும் ஒரே திசையில் நின்றால் 21 விதம், குறுக்காக வைத்தால் 25 விதம், ஆக 46. முடிந்தது என்று நான் பேனாவை மூடினேன். அவன் கட்டையைக் கையில் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இதைத் திருப்பினா அதுதானே?" என்றான். மறுபடி எண்ணினோம். திருப்பினால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தால் 24. அந்தப் புத்தகத்திலும் 24 என்றுதான் போட்டிருந்தது. ஆறு கட்டைகள் ஆனால் 91,51,03,765 விதமாம், கம்ப்யூட்டர் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு முழு மத்தியானம் எங்களுக்கு இரண்டே கட்டை போதுமானதாக இருந்தது.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

ஜூலையில் கிரெடிட் கார்டு பில் வந்தபோது வீட்டில் சத்தம். "இவனை நீச்சல் கிளாஸ்ல சேர்க்க இந்த சம்மர்ல முடியாதுன்னு சொன்னீங்க. இது மட்டும் எப்படி முடிஞ்சது?" என்று மகள் கேட்டாள். மாப்பிள்ளை பதில் பேசவில்லை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி மறுபடி ஒரு பெட்டி வந்தது.

பேரன் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "பாட்டி, அந்தப் பெட்டியை எல்லாம் எப்போ திறக்கலாம்?"

"அப்பா என்ன சொன்னார்?"

"நான் பெரியவன் ஆனதும்னு சொன்னார். எவ்வளவு பெரியவன்?"

அன்று வீட்டில் பெரியவள் நான் ஒருத்திதான். "எடுத்துட்டு வா" என்றேன். அவன் இழுத்து வந்தது ஒரு புத்தகக்கடை. 2,500 கட்டைகளுக்கு மேல். தயாரிப்பு நின்றுபோன செட். அது எனக்குத் தெரியாது. உள்ளே பைகளில் வரிசையாக நம்பர் போட்டிருந்ததும் எதற்கென்று தெரியாது. அரிசி மூட்டையைக் கொட்டுவது மாதிரி எல்லாப் பைகளையும் ஒரே ஜமக்காளத்தில் கொட்டிவிட்டோம்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். வாசலிலேயே நின்று பார்த்தார். பேரன் என் புடவைக்குப் பின்னால் போய்விட்டான். அவர் சத்தம் போடவில்லை. காலியான அட்டைப் பெட்டியை எடுத்து, கிழிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அத்தை" என்றார். அவ்வளவுதான். மாடிக்குப் போய்விட்டார்.

மகள் எனக்குப் பரிந்து பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்: "என் சிங்கப்பூர் பொம்மை ஞாபகம் இருக்கா உனக்கு?"

இருந்தது. அவளுக்கு ஆறு வயதில் என் அண்ணன் கொண்டுவந்த, கண்ணை மூடித் திறக்கும் பொம்மை. பாலிதீன் கவரைக்கூடப் பிரிக்காமல் ஷோகேஸில் வைத்துப் பூட்டினேன். விருந்தாளி வந்தால் காட்டுவேன். அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பாள். பல வருஷம் கழித்துத் திறந்தபோது ரப்பர் பிசுபிசுத்து, கவரோடு ஒட்டிப்போயிருந்தது. நானே குப்பையில் போட்டேன். சாவி எந்த டப்பாவில் இருந்தது என்பது அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு குறைவு. மூன்றாம் நாள் காபியை எடுத்துக்கொண்டு நானே மாப்பிள்ளையிடம் போனேன். "தப்பு என்னோடது. உங்க பொருளை நான் பிரிச்சிருக்கக் கூடாது" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். அருப்புக்கோட்டையில் அப்பாவுக்குத் தறி வேலை. பெரியப்பா மகனுக்கு துபாயிலிருந்து ஒரு பொம்மைப் பெட்டி வந்தது. இவருக்கு அதன் மூடியை மட்டும் தொட அனுமதி. மூடியில் இருந்த படத்தை வைத்தே உள்ளே என்னென்ன இருக்கும் என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசிப்பாராம். "பிரிக்கணும்னு எனக்கு ஆசை வர்றதில்லை அத்தை. உள்ளே இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்."

கணக்கு டீச்சரிடம் அதற்கு விடை இல்லை. "சரி, கொட்டினதைப் பொறுக்கவாவது கத்துக்கொடுங்க" என்றேன்.

அதற்கப்புறம் தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம். தாம்பாளம், முறம், இட்லித் தட்டு என்று வீட்டிலிருந்த எல்லாவற்றிலும் நிறம் பிரித்து வைத்தேன். அரிசியில் கல் பொறுக்கிய கண் ஆயிற்றே, சின்னச் சின்னக் கட்டைகள் எனக்குத்தான் முதலில் அகப்படும். பேரன் செய்முறைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வான், மாப்பிள்ளை பொருத்துவார். நாலாம் நாள் மகளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு ஜன்னலைத் தலைகீழாக வைத்து, பதினைந்து படி பின்னால் போய்ப் பிரித்துக் கட்டியபோது மாப்பிள்ளை சிரித்த சிரிப்பை நான் அந்த வீட்டில் அதற்கு முன் கேட்டதில்லை.

புரட்டாசியில் நவராத்திரி வந்தது. வேட்டியில் சுற்றி ஊரிலிருந்து நான் கொண்டுபோன பொம்மைகளை ஐந்து படியில் அடுக்கினோம். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். செட்டியார் தம்பதி அரிசி பருப்புக் கடை பரப்பியிருக்கும் வரிசையில், பக்கத்துக் கடையாகப் புத்தகக்கடையை வைத்தான் பேரன். தாம்பூலம் வாங்க வந்த குழந்தைகள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஒரு பொடியன் கதவைத் திறந்து மூடப் போய், அது கையோடு வந்துவிட்டது. மாப்பிள்ளையைப் பார்த்தேன். "மாட்டிடலாம், அதுக்குத்தானே இது" என்றார்.

நான் கிளம்புவதற்கு முன் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஒரு பெட்டியைப் பிரித்துக் கட்டி முடித்தால்தான் அடுத்த பெட்டி வாங்கலாம். இலவசம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பேரன் அதைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினான். மகள் அதன் கீழே 'நீச்சல் கிளாஸ், ஜனவரி' என்று சேர்த்தாள்.

நவம்பர் ஒன்றாம் தேதி, நம் ஊரில் காலை பத்து மணி இருக்கும். மாப்பிள்ளையிடமிருந்து வாட்ஸ்அப்.

"அத்தை, இந்த மாச ஃப்ரீ ரொம்ப நல்லா இருக்கு. கூடையில போட்டு வெச்சிருக்கேன். இன்னும் வாங்கலை."

"பழசு கட்டி முடிச்சாச்சா?" என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்புறம் ஒரு போட்டோ வந்தது. சாப்பாட்டு மேஜை நிறையக் கட்டைகள், ஓரத்தில் பேரனுடைய கை. "மூணாவது பை ஓடிட்டு இருக்கு அத்தை. இன்னும் ஒன்பது இருக்கு."

போனை வைத்துவிட்டு, ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். மேலிருந்த பக்கெட்டின் கைப்பிடி, தொட்டதுமே ஒடிந்து கையோடு வந்தது. இரண்டாவது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் அதில்தான் தண்ணீர் பிடித்து வாசல் தெளித்தேன்.