குண்டலுபேட்டையில் ஈசல் வந்த மாலை

மைசூரிலிருந்து தெற்கே நஞ்சன்கூடு, பேகூர் வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் சென்றால் குண்டலுபேட்டையை அடையலாம். 1997 வரை மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் இப்போது சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. இரயில் பாதை நஞ்சன்கூட்டைக் கடந்து சாமராஜநகருக்குச் சென்றுவிடுவதால் இங்கு வருவோர்க்குப் பேருந்தே துணை. உதகைக்கும் வயநாட்டுக்கும் செல்லும் சாலைகள் இங்கேதான் பிரிகின்றன.

இவ்வூரில் வாழும் நம் தமக்கையார் இல்லத்தில், சென்ற சித்திரையில் தாயாருடன் சில நாள் தங்கியிருந்தோம். ஒருநாள் பகலெல்லாம் கடும் வெயில். மாலையில் நல்ல மழை. மழை ஓய்ந்து அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த வேளையில், சன்னல் வழியே ஈசல்கள் திரளாகப் புகுந்து விளக்கை மொய்த்தன. சில குழம்பிலும் விழுந்தன. நம் சிறுமகள், "சீ, பூச்சி!" என்று அலறி ஓடினாள். தமக்கையார் முகஞ்சுளித்துக் குழம்பைக் கொட்டிவிட்டார்.

தாயார் மட்டும் பதறவில்லை. "உள்விளக்கை அணைத்துவிடு, அம்மா. வாசலில் அண்டா நிறைய நீர் வைத்து, அதன் அருகே விளக்கேற்று" என்றார். அவ்வாறே செய்ததும் ஈசல்கள் வெளியே சென்று நீரில் வீழ்ந்தன. அடுத்த வீட்டுக் கன்னட மூதாட்டி சிரித்துக்கொண்டே முறத்துடன் வந்தார். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. ஆயினும் இருவரும் அமர்ந்து, ஈசலை உலர்த்தி, வாணலியில் வறுத்து, சிறகுகளைப் புடைத்து நீக்கி, பொரியரிசியுடன் கலந்தனர்.

ஈசல் என்பது சிறகு முளைத்த கறையானே. மழைக்குப்பின் இணை தேடிப் புற்றைவிட்டுப் பறந்து, சிறகுதிர்த்துப் புதுக்குடி அமைக்க முயல்வது அது. கொழுப்பும் புரதமும் மிக்கது. பாரியின் பறம்பு நாட்டை நினைந்து ஏங்கும் கபிலர், மோரில் புளிக்கச் சமைத்த ஈசலைப் புறநானூற்றில் அந்நாட்டு உணவாகவே குறிக்கிறார்.

"மழை பொய்த்த ஓர் ஆண்டில், உங்கள் தாத்தா வீட்டில் மூன்று நாள் இதுவே எங்களுக்கு இரவுச் சாப்பாடு" என்றார் தாயார், முறத்தைப் பார்த்தபடியே. இத்தனை ஆண்டுகளில் அவர் இதை நம்மிடம் சொன்னதேயில்லை, நாமும் கேட்டதில்லை.

மகள் அன்று ஈசலை உண்ணவில்லை. ஆயினும் மறுபடி "சீ" என்று சொல்லவுமில்லை. பாட்டியின் மடியருகே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நாம், பெற்றோரிடம் கேளாமல் விட்ட செய்திகள் எத்தனையோ! மழை பெய்யும் ஒரு மாலையில் கேட்டுப் பாருங்கள், அன்பர்களே.