வலையமைப்பு நிருவாகிக்கு வேண்டுவன

கணினித் தொழிலைப் பற்றி எழுதுதற்குத் தமிழாசிரியராகிய எமக்கு யாது உரிமை என்று சிலர் வினவக்கூடும். உயர்தரப் பரீட்சையை முடித்த மாணவர் பலர் இன்று வலையமைப்பு நிருவாகத் தொழிலை நாடுகின்றனர். தம் விண்ணப்பங்களைத் திருத்துவிக்க எம்மிடமே வருகின்றனர். "இனி எழுத்து வேலை இல்லைத்தானே, சேர்" என்று அண்மையில் ஒருவன் பெருமகிழ்ச்சியோடு கூறினான். அம்மகிழ்ச்சியே எம்மை எழுதத் தூண்டியது. அத்தொழிலில் உள்ள பழைய மாணவர் எம் துணிவைப் பொறுத்தருள்க.

நுட்ப அறிவு வேண்டுமென்பதில் ஐயமில்லை. இணைய முகவரியை எவ்வாறு பகுப்பது, 1983இல் போல் மொக்கபெற்றிஸ் வகுத்த பெயர் முறைமை பெயரை எவ்வாறு முகவரியாக மாற்றுகின்றது, லினக்ஸ் கட்டளைகளை எவ்வாறு கையாள்வது என்பனவற்றைப் பாடநெறிகள் செவ்வனே கற்பிக்கின்றன. முயற்சியுடையார் கற்றுக்கொள்வர்.

ஆயினும், 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் கிற்லாப் என்னும் நிறுவனத்தில் நிகழ்ந்ததை நோக்குக. மென்பொருள் ஆக்குவோர் தம் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் அது. இரவு நெடுநேரம் உழைத்த பொறியியலாளர் ஒருவர், இரண்டாம் சேவையகத்தின் தரவை நீக்குவதாக எண்ணி, முதன்மைச் சேவையகத்திலேயே கட்டளையை இட்டுவிட்டார். இரண்டின் பெயர்க்கும் வேறுபாடு ஓர் எண்ணே. இரண்டொரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைற்றுத் தரவில் 4.5 மட்டுமே எஞ்சியது.

காப்புப்பிரதியைத் தேடினர். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பிரதி, மென்பொருட் பதிப்புகள் பொருந்தாமையால், எடுக்கப்படவேயில்லை. அத்தவற்றை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரை அடையவில்லை. ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்கு முன் வேறொரு தேவைக்காக அதே பொறியியலாளர் தாமே எடுத்து வைத்த பிரதியொன்றே நிறுவனத்தைக் காத்தது. இடைப்பட்ட நேரத்துத் தரவு மீளவில்லை.

அவர் நுட்பம் அறியாதவரா? அல்லர். கட்டளையை இடுமுன் பெயரை ஒருமுறை நிதானித்து வாசித்தலும், பிரதியை அவ்வப்போது மீட்டுப் பார்த்தலும் நுட்பக் கல்வியின் எல்லைக்கு அப்பாற்பட்ட பழக்கங்கள்.

எம்மைப் பெரிதும் கவர்ந்தது பின் நிகழ்ந்ததே. நடந்ததை நடந்தவாறே நேரக் குறிப்புகளுடன் எழுதி, உலகறிய வெளியிட்டனர். மறைத்தலும் இல்லை, ஒருவர்மேற் பழி சுமத்தலும் இல்லை. கணினி அறியாதாரும் ஓரளவு விளங்கிக்கொள்ளத்தக்க உரைநடை அது. ஆங்கிலத்தில் உள்ளதேயெனினும், தமிழாசிரியர்க்குச் சற்றே பொறாமை உண்டாகின்றது.

நள்ளிரவில் முறைமை செயலிழக்கும்போது, அதனை அமைத்தவர் அருகில் இருப்பாரென்பது நிச்சயமன்று. அவர் எழுதி வைத்த குறிப்பே அங்கு நிற்கும். ஆதலின், நீர் இறைக்கும் இயந்திரத்தைப் புதியவர் ஒருவர் இயக்கும் வண்ணம் குறிப்பெழுதுமாறு எம் வகுப்பில் பணித்தோம். "ஆளியைப் போடுக" என்றே பலர் எழுதினர். அங்கே ஆளிகள் மூன்று உள. எந்த ஆளி என்பதும், நீர் வராவிடின் யாது செய்வது என்பதும் மூன்றாம் முறை எழுதியபோதே இடம்பெற்றன.