வாசற்படியில் ஒரு கேள்வி

கொலையைப் பார்த்துச் சிரிப்பது தகுமா என்று என் மனைவி ஒருமுறை கேட்டார். இரவு உணவு முடிந்து, நானும் என் தந்தையும் தொலைக்காட்சிப் பெட்டியின்முன் அமர்ந்து, செல்வர் ஒருவர் தம் கூட்டாளியைச் சுட்டுக்கொல்வதைக் கண்டு களித்துக்கொண்டிருந்த வேளை அது. நான் ஏதோ மழுப்பினேன். தந்தையோ, "பிடிபடப் போகிறான் அம்மா, அதனால்தான் சிரிப்பு வருகிறது" என்றார்.

என் தந்தை தலைமைக் காவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஊரார்க்கு அவர் 'ஏட்டையா'. ஓய்வுக்குப் பின்னர் வந்த மாலைப்பொழுதுகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் எனக்களித்த குறுந்தகடுகள் அவருக்குத் துணையாயின. அவற்றுள் முதலாவதாக நாங்கள் பார்த்தது 'கொலம்போ'. பெயரைக் கேட்டதும், "கொழும்பைப் பற்றிய படமா?" என்றார்.

கொலம்போ என்பவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவல்துறைத் துப்பறிவாளர். கசங்கிய மழைக்கோட்டு, கையில் பாதி எரிந்த சுருட்டு, எப்போது நின்றுவிடுமோ என அஞ்ச வைக்கும் பழைய பெஜோ மகிழுந்து. இவையே அவருடைய அடையாளங்கள். துப்பாக்கி ஏந்துவதில்லை. பேச்சுக்குப் பேச்சு மனைவியைக் குறிப்பிடுவார். அந்த அம்மையாரோ திரையில் தோன்றுவதே இல்லை. அவராக நடித்த பீட்டர் ஃபாக், மூன்று வயதில் புற்றுநோயால் ஒரு கண்ணை இழந்தவர். அந்த மழைக்கோட்டும் அவருடைய சொந்தக் கோட்டுதான். 1968 முதல் 2003 வரை, இடைவெளி விட்டு விட்டு, 69 கதைகளில் அவர் அந்தப் பாத்திரமாக வாழ்ந்தார்.

பிற மறைபுதிர்க் கதைகளில் கொலையாளி யார் என்பது இறுதியில்தான் வெளிப்படும். இங்கு அது முதற்காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆஸ்டின் ஃப்ரீமன் என்னும் ஆங்கில எழுத்தாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கையாண்ட தலைகீழ் உத்தி இது. பள்ளிப் பருவம் முதல் நண்பர்களான ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் ஆகிய இருவரும் அதனைத் தொலைக்காட்சிக்குக் கொணர்ந்தனர். யார் கொன்றார் என்ற வினா நீங்கியதும், எவ்வாறு அகப்படுவார் என்ற வினா எழுகிறது. ஆங்கிலம் அதிகம் அறியாத என் தந்தைக்கு இந்த உத்தி பெருவாய்ப்பாக அமைந்தது. அவர் உரையாடலைக் கேட்கவில்லை. கொலையாளியின் கைகளையும் கண்களையும் பார்த்தார். நான் மொழிபெயர்க்கத் தொடங்குமுன்பே, "பொய் சொல்கிறான்" என்பார்.

1971இல் ஒளிபரப்பான கதையொன்றை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். அதை இயக்கியவர் அப்போது 24 வயதே நிரம்பிய ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். இருவர் இணைந்து துப்பறியும் நாவல்கள் எழுதிப் புகழ் பெறுகின்றனர். உண்மையில் எழுதுபவர் ஒருவரே. மற்றவர் பேட்டியளித்துப் பெயர் வாங்குபவர். எழுதுபவர் பிரிந்து செல்ல முற்பட, மற்றவர் அவரைத் தொலைவிலுள்ள தம் மரவீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். அலுவலகத்திலிருந்து பேசுவதாக மனைவியிடம் தொலைபேசியில் சொல்ல வைத்து, அந்தப் பேச்சின் நடுவிலேயே சுட்டுவிடுகிறார். கொலை நகரத்தில் நடந்ததாக மனைவி நம்புகிறார். இரட்டை எழுத்தாளர்கள் படைத்த தொடரில் இரட்டை எழுத்தாளர்களுள் ஒருவர் மற்றவரைக் கொல்வது நல்ல வேடிக்கை!

அந்தக் கதையில், கணவரை இழந்த பெண்ணின் வீட்டுக்குச் செல்லும் கொலம்போ அவருக்காக முட்டைப் பொரியல் செய்து தருகிறார். முதன்முறை அதைப் பார்த்தபோது தந்தை வாய்விட்டுச் சிரித்தார். "எந்த அதிகாரி துக்க வீட்டில் போய் அடுப்பு மூட்டுவார்?" என்றார். சிறிது நேரத்தில் சிரிப்பு அடங்கியது. படம் முடிந்த பின்னும் எழுந்து செல்லவில்லை.

பணியில் சேர்ந்த புதிதில் நடந்ததொன்றை அன்று அவர் கூறினார். ஒரு சிற்றூரில் மணமாகி ஓராண்டு நிறையாத பெண் கிணற்றில் இறந்து கிடந்தாள். விடியற்காலையில் நீரிறைக்கச் சென்றவள் தவறி விழுந்தாள் என்றனர் கணவன் வீட்டார். கிணற்றடியில் குடம் இருந்தது. மேலதிகாரி அவ்வாறே எழுதிக்கொண்டார். தந்தை வெளியே வரும்போது, திண்ணைத் தூணில் தாம்புக்கயிறு சுருட்டி மாட்டப்பட்டிருப்பதைக் கண்டார். தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"நீரிறைக்கப் போனவள் கயிறில்லாமலா போவாள்? வாசற்படி வரை வந்துவிட்டேன் தம்பி. திரும்பிக் கேட்டிருக்கலாம். அதிகாரி வண்டியில் ஏறிவிட்டார். நானும் ஏறிவிட்டேன்."

அந்தப் பெண்ணின் தாய் வாசலில் அமர்ந்திருந்ததையும், அவளிடம் உண்டாயா என்று எவரும் கேட்கவில்லை என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். வேறு கயிறு இருந்திருக்கலாமே என்றேன் நான். "இருந்திருக்கலாம். அதைத்தானே கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

கொலம்போவைப் பார்த்தவர்கள் அறிவர்: விசாரணை முடித்து விடைபெற்று வாசல்வரை செல்வார். கொலையாளி மூச்சு விடுவான். உடனே நெற்றியில் கைவைத்துத் திரும்பி, இன்னும் ஒன்றே ஒன்று என்பார். அந்தக் கேள்விதான் கழுத்தில் விழும் சுருக்கு. சிரிப்பூட்டும் அந்த வழக்கத்தை என் தந்தை எதற்காகக் காத்திருந்து பார்த்தார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

பிற தொடர்களையும் பார்த்தோம். ஏஞ்சலா லான்ஸ்பரி நடித்த 'மர்டர், ஷீ ரோட்' 1984 முதல் 1996 வரை 264 பகுதிகள் ஓடியது. "இந்த அம்மா போகுமிடமெல்லாம் சாவு விழுகிறதே, முதலில் இவரையல்லவா விசாரிக்க வேண்டும்!" என்பார் தந்தை. தூசுக்கும் கிருமிக்கும் அஞ்சி நடுங்கும் 'மங்க்' அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறர் கொலைகளையெல்லாம் நொடியில் துலக்கும் அந்த மனிதர், தம் மனைவியைக் கொன்றவரைக் கண்டறிய எட்டுப் பருவங்கள் காத்திருக்கிறார். அதன் இறுதிப் பகுதியைப் பார்க்கத் தந்தை இல்லை.

அவர் இருந்த கடைசி மழைக்காலத்தில், பார்வை மங்கிய நிலையிலும் கொலம்போவைப் போடச் சொல்வார். திரை தெளிவாகத் தெரியாது; ஆனால் அந்தக் காலடி ஓசையை அறிவார். மழைக்கோட்டுக்காரர் வாசலை நெருங்கும்போது, சாய்வு நாற்காலியின் கைப்பிடியிலிருந்து அவருடைய வலக்கை சற்றே உயரும்.

"திரும்பு" என்பார், மெல்லிய குரலில்.