ஒரு நாட்டுப்புற நீதிமன்றின் கதை

ஐக்கிய அமெரிக்காவில் வாழும் நம் கல்லூரிப் பழைய மாணவரொருவர், சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, ஒரு கட்டடத்தின் படத்தை என்னிடம் தந்தார். செங்கல்லாற் கட்டிய மாளிகை. உச்சியில் மணிக்கூட்டுக் கோபுரம். “அலபாமா மாநிலத்திலே மொன்றோ மாவட்டத்தின் பழைய நீதிமன்று இது, ஐயா” என்றார். அதன் வரலாற்றை அறிந்தபின் அப்படம் என் மேசையை விட்டு அகலவில்லை.

கிரீக் என்னும் பழங்குடியினர் இழந்த நிலத்திலே, 1815இல் வகுக்கப்பட்டது மொன்றோ மாவட்டம். 1832இல் அதன் தலைமைத்தானம், ஆற்றங்கரையிலிருந்த கிளேபோண் என்னும் ஊரை விட்டு, மொன்றோவில் என்ற உள்நாட்டுச் சிற்றூருக்கு மாறிற்று. படத்திற் கண்ட மாளிகை 1903ஆம் ஆண்டளவில் அங்கு எழுந்தது.

அம்மன்றை உலகறியச் செய்தவர் அவ்வூர் வழக்கறிஞரொருவரின் மகளாகிய ஹாப்பர் லீ. அவர் 1960இல் வெளியிட்ட நாவலிலே, குற்றமற்ற கறுப்பின மனிதனொருவன் வெள்ளையரேயான யூரிமாராற் குற்றவாளியாக்கப்படுகின்றான். அவன் இனத்தார் மேல்மாடத்தில் இருந்து அதனைக் காண்கின்றனர். அக்கதையைத் திரைப்படமாக்கியோர் மொன்றோவின் மண்டபத்தைப் பார்த்து, ஹொலிவூட்டிலே அதுபோல ஒன்றை அமைத்தனர். 1963இல் வழக்குகள் புதுக் கட்டடத்துக்குச் சென்றன. பழைய மன்று பின்னர் நூதனசாலையாயிற்று. நாவல் அங்கே நாடகமாக நடிக்கப்பட்டபோது, பார்வையாளருட் சிலரே யூரிமாராய் அமர்ந்தனர்.

கதையை இவ்வாறு போற்றிய ஊரிலே நிகழ்ந்ததைக் கேளுங்கள். 1987இல் வோல்ரர் மக்மிலியன் என்னும் கறுப்பினத்தவர், அவ்வூரிலே நடந்த கொலையொன்றுக்காகக் கைதானார். கொலை நடந்த வேளையில் அவர் தம் வீட்டிலிருந்தாரெனப் பலர் சான்று கூறினர். வழக்கு வேறொரு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. யூரிமார் ஆயுட்சிறை போதுமென்றனர். நீதிபதியோ மரணதண்டனை விதித்தார். எதிராகக் கூறிய சாட்சியம் பொய்யென வெளிப்பட்டு, 1993இலேதான் அவர் விடுதலை பெற்றார்.

சிலப்பதிகாரம் கற்பிக்குந்தோறும், ஆராயாது ஆணையிட்ட பாண்டியனை நான் பழிப்பதுண்டு. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருத்தல் தகாது. பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப்பத்திரத்துடன் முதன்முதற் சென்ற பாடசாலையிலே, காணாமற்போன சிறுதொகைப் பணத்துக்காக ஏழைச் சிறுவனொருவனைத் தண்டித்தேன். வகுப்பு முழுவதும் அவனையே சுட்டிற்று. அவன் சொல்லை நான் கேட்கவில்லை. மறுநாள் பணம், இழந்தவனுடைய புத்தகத்துக்குள்ளேயே அகப்பட்டது. அச்சிறுவன் பின்னர்ப் பாடசாலைக்கு வரவேயில்லை. அவன் வீடு தேடிச் சென்று பிழை பொறுக்கும்படி கேட்க எனக்குத் துணிவிருக்கவில்லை.

எங்கள் வகுப்போ கிடுகுக் கொட்டகை. மொன்றோவின் மன்றோ கோபுர மாளிகை. ஆயினும் நான் செய்த பிழையும் அங்கு நேர்ந்த பிழையும் ஓரினத்தனவே.

இவ்விழா ஆண்டிலே நம் கல்லூரியிற் புதுக் கட்டடங்கள் எழுக. அவற்றுட் கற்பிக்கும் ஆசிரியரிடமும், நீதிமன்றுகளிற் கடமையாற்றும் பழைய மாணவரிடமும் ஒன்று வேண்டுகின்றேன்: தீர்ப்புரைக்குமுன் மேல்மாடத்தில் ஒதுங்கியிருப்பவனையும் கீழே அழைத்து, அவன் சொல்வதை முழுவதுங் கேளுங்கள்.