நான்காம் பக்கத்தில் இருந்த வரி

மூன்று மாதங்களுக்கு முன்னர் நான்கு நாட்கள் றக்வானையில் நின்றேன். பழைய கடிதங்களில் ‘இறக்குவானை’ என்று எழுதப்படும் அதே ஊர்தான். பெல்மதுளையைத் தாண்டி, கஹவத்தை, கொடகவலை வழியாகப் போய் இறங்கும்போது, ஒரு பக்கம் றப்பர் மரங்களும் மறுபக்கம் தேயிலையுமாக அந்த மலைகள் நான் விட்டுவந்தபடியே இருப்பதாக ஒவ்வொரு முறையும் தோன்றும். 1972இல் ஒரு தகரப் பெட்டியோடு கொழும்புக்குப் புறப்பட்டவன் நான். என் தங்கை அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே ஓய்வுபெற்று, அதே லயத்தில் இருக்கிறாள்.

இம்முறை போனதற்கு அவளுடைய தொலைபேசி அழைப்புத்தான் காரணம். “அண்ணே, புள்ள கெம்பஸ் வேணாம்னு வந்து உக்காந்திருக்கு. நீங்க வந்து பேசுங்க” என்றாள்.

பிள்ளை என்றது அவளுடைய மகள் வயிற்றுப் பேத்தியை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் படித்தவள். போன இடத்தில் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் வாசிக்கவும் எழுதவும் பழக்குவதற்கென்று ஒரு கட்டாயப் பாடநெறி வைத்திருக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கு வேண்டாம். நான் எழுதப்போவது ஒரு நிறுவனத்தைப் பற்றி அல்ல.

அந்தப் பாடநெறியின் முதலாவது ஒப்படைக்கு அவளுக்குக் கிடைத்த புள்ளி பூச்சியம். பக்கத்திலே சிவப்பு மையில், பிரதி செய்யப்பட்டது என்று ஒரு குறிப்பு. அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாட்கள் விடுதிக் கட்டிலில் படுத்திருந்துவிட்டு, பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“நான் களவெடுக்கல தாத்தா. புத்தகத்துல இருந்தத சரியாத்தான் எழுதுனேன்” என்றாள்.

அந்தச் ‘சரியாத்தான்’ என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. பதின்மூன்று வருடங்கள் அவள் படித்த படிப்பு அதுதான். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார். பிள்ளைகள் கொப்பியில் பார்த்து எழுதுவார்கள். ஆசிரியர் குறிப்புச் சொல்லுவார். ஒரு சொல்லும் பிசகாமல் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் அதை அப்படியே ஒப்புவித்தவர் கெட்டிக்காரர். சொந்தமாக எழுதியவர் பிழை விட்டவர். இப்படிப் பழக்கப்பட்ட பிள்ளையிடம், பதின்மூன்று வருடம் பாராட்டுப் பெற்ற அதே காரியம் இன்று முதல் குற்றம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தாளைக் காட்டச் சொன்னேன். ஆறு பக்கங்கள், முழுவதும் ஆங்கிலம். பாடநெறியின் விதிகளும் ஒழுங்குகளும். அன்று மாலை இஸ்தோப்பில் உட்கார்ந்து நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். தங்கையும், வேலை முடிந்து வந்த மருமகளும், அந்தப் பிள்ளையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலாவது விதி வரவு பற்றியது. நூற்றுக்கு எண்பது வகுப்புகளுக்கு வராதவர் பரீட்சைக்குத் தோற்ற முடியாது.

“அப்ப செக்ரோல் இருக்கு” என்றாள் தங்கை.

இரண்டாவது, தாமதம் பற்றியது. ஒப்படையை ஒருநாள் பிந்திக் கொடுத்தால் பத்து வீதப் புள்ளி குறைக்கப்படும். இதற்கு மருமகள் சிரித்தாள். “இது அரைப்பேர்தானே மாமா?”

தோட்டத்து வழக்கம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் பிரட்டுக்களத்துக்கு நேரத்துக்குப் போய் நின்றால்தான் அன்றைய வேலை. பிந்திப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சொன்ன அளவு கொழுந்து இல்லாவிட்டால் செக்ரோலில் அரைப்பேர்தான் விழும். அதாவது அரைநாட் சம்பளம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆவதற்கே 2021 வரை எத்தனை வருடப் போராட்டம் தேவைப்பட்டது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த அரைப்பேரின் வலி விளங்கும். பல்கலைக்கழக விதிகளில் பாதியை என் தங்கையும் மருமகளும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இல்லாமல் விளங்கிக்கொண்டார்கள். தண்டனை என்ற பாஷை எங்கள் மக்களுக்குப் புதிதல்ல.

மூன்றாவது, பிரதி செய்தல் பற்றியது. பிறருடைய வசனங்களைப் பெயர் குறிப்பிடாமல் எடுத்தாண்டால் பூச்சியம்.

நான்காம் பக்கத்துக்கு வந்தேன். அதன் நடுவிலே ஒரு வரி இருந்தது. பூச்சியம் பெற்றவர்கள், புள்ளி அறிவிக்கப்பட்ட நாளில் இருந்து இரண்டு வாரங்களுக்குள், ஒரேயொரு முறை, அதே ஒப்படையைத் திருத்தி எழுதிக் கொடுக்கலாம். அதற்கு முன்னர் விரிவுரையாளரை அவருடைய அலுவலக நேரத்தில் சந்திக்க வேண்டும். புதன்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை.

பிள்ளை தாளை என் கையில் இருந்து வாங்கிப் பார்த்தாள். “இது எனக்குத் தெரியாது தாத்தா” என்றாள். விரலை மடக்கி நாட்களை எண்ணினாள். ஐந்து நாட்கள் மிஞ்சியிருந்தன.

நண்பர்களே, வாசிக்கப் பழக்கும் பாடநெறி ஒன்றின் விதிகளை, வாசிக்கத் தெரிந்தவர்கள் மாத்திரமே வாசிக்கலாம். இதை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அந்த நான்காம் பக்கத்து வரியை எழுதியவர் நல்ல மனம் உள்ளவர் என்றே நினைக்கிறேன். ஆனால் கதவைத் திறந்து வைத்தவர், அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பதை யாருக்கும் வாயால் சொல்லவில்லை.

“ஏன் போய்க் கேட்கவில்லை?” என்று அவளிடம் கேட்டேன். அவள் சொன்ன பதிலை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். “ஆபீசுக்கு எப்படித் தாத்தா போறது?”

தோட்டத்தில் ஆபீஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அது துரையின் இடம். சம்பளத்தில் வெட்டு விழுந்தால், ‘வேலை நிப்பாட்டு’ என்றால், பிள்ளை செய்த குற்றத்துக்கு அப்பன் பதில் சொல்ல வேண்டுமென்றால், அங்கே போவோம். போய் உள்ளே இருப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்போம். காரணமில்லாமல் ஆபீசுக்குப் போகிறவன் கோள் சொல்லப் போகிறவன் என்று லயத்தில் பேசுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ‘அலுவலக நேரம்’ என்று எழுதினால், அதை உதவி என்று அவள் எப்படி அறிவாள்?

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நானும் பிரதி செய்தவன்தான்.

நான் படித்தது ஒற்றை ஆசிரியர் தோட்டப் பாடசாலையில். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலும் அதற்குப் பின்னரும்தான். எனக்கு வாசிப்பைக் கற்றுத் தந்தது அந்தப் பாடசாலையை விட லயத்து இஸ்தோப்பு என்றே சொல்லலாம். வாரத்தில் ஒருநாள் டவுனில் இருந்து பத்திரிகை வரும். எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிப்பார். இருபது பேர் சுற்றி இருந்து கேட்பார்கள். வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் அவர்கள் பொறுப்பாக இருந்த ‘தோட்ட மஞ்சரி’ப் பகுதியை அப்படித்தான் முதலில் காதால் கேட்டேன். மலைநாட்டு இளைஞர்களைத் தேடிப்பிடித்து எழுத வைத்த பகுதி அது. வீரகேசரி நடத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்றவை 1971இல் ‘கதைக்கனிகள்’ என்று நூலாயின. நம்மைப் போன்றவர்களும் எழுதலாம் என்ற துணிவு எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

ஆனால் துணிவு வேறு, எழுத்து வேறு. கொழும்பில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்காளனாகச் சேர்ந்து, ஒரு வருடம் கழித்து முதற் கட்டுரையை எழுதிக் கொடுத்தேன். அதில் இரண்டு பந்திகள் ஓர் இந்தியச் சஞ்சிகையில் இருந்து எடுத்தவை. அழகான வசனங்கள். அவற்றைக் கண்டெடுத்துச் சேர்த்ததே என் திறமை என்று நினைத்திருந்தேன்.

உதவி ஆசிரியர் ஒருவர் என்னை அழைத்து, கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். கட்டுரையை உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்துக்கொண்டே போனேன். அந்த இரண்டு பந்திகள் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். “இந்த இடத்தில் நீர் போய்விட்டீர், வேறு யாரோ வந்துவிட்டார். அவர் யார்?” என்று கேட்டார். சொன்னேன். “சரி, அவருடைய பெயரைப் போட்டு ஒரு வசனம் மட்டும் வைத்துக்கொள்ளும். மற்றதை உமது வாயால் சொல்லும்” என்றார். அரைமணி நேரம். அவ்வளவுதான். அன்று அவர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நான் போயிருப்பேன். அவர்மீது யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கலும் அல்ல. நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல், உயர்தரப் பாடசாலையை முடித்த அந்நகரப் பிள்ளைகள் எல்லோருக்கும் தன் கதவுகளைத் திறந்தது. கறுப்பின, போட்டரிக்கப் பிள்ளைகளும் ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் திரளாக வந்தார்கள். அவர்களுடைய எழுத்தைப் பார்த்த பேராசிரியர்கள் பலர் திகைத்துப் போனார்கள். மினா ஷோனெசி என்ற ஆசிரியை, அப்படிப்பட்ட ஏறக்குறைய நாலாயிரம் கட்டுரைகளை ஆராய்ந்து 1977இல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்டது எளிய விஷயம்: இந்தப் பிழைகள் மூளைக் குறைவால் வருபவை அல்ல. ஒவ்வொரு பிழைக்கும் ஓர் ஒழுங்கும் காரணமும் உண்டு. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பது ஆசிரியரின் வேலை. என் பேத்தியின் ‘சரியாத்தான்’ என்ற சொல்லும் அப்படி ஒரு காரணம்தான்.

விதிகளைத் தளர்த்த வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. “பாவம், தோட்டத்துப் பிள்ளை” என்று போடப்படும் ஐந்து புள்ளி பூச்சியத்தை விடக் கேவலமானது. பிரதி செய்வது பிழைதான். கேட்டதும் கட்டுரை எழுதித் தரும் இயந்திரம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்ட இந்நாளில், அதைக் கண்டிப்போடு சொல்ல வேண்டியதும் உண்மை. நான் கேட்பது வேறு. முதல் வகுப்பிலே அந்த ஆறு பக்கங்களையும் பாடமாக எடுத்து, ஒருவர் பக்கத்தில் இருந்து, சிங்களத்திலும் தமிழிலும் விளக்கி, உரக்க வாசித்துக் காட்டட்டும். வாசிப்புப் பாடநெறிக்கு அதைவிட நல்ல முதற் பாடம் எது? விரும்பினால் வந்து சந்திக்கலாம் என்று எழுதாமல், முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒவ்வொரு மாணவரும் பத்து நிமிடம் வந்தே ஆகவேண்டும் என்று விதி செய்யட்டும். வந்தவரை நிற்க வைக்காமல் ஒரு கதிரை கொடுக்கட்டும். மழைக்காலத்தில் மண்சரிவினால் வீதி அடைபட்டு வராதவரையும், விடுதியில் தூங்கிவிட்டு வராதவரையும் ஒரே கோட்டில் எழுதாமல் இருக்கட்டும். பிரதி செய்த முதல் ஒப்படைக்குப் பூச்சியத்தைப் போடட்டும். அத்தோடு, எங்கே அந்தப் பிள்ளையின் குரல் நின்றது என்பதையும் காட்டட்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய பணம் வேண்டியதில்லை. மகாபொல புலமைப்பரிசிலும் விடுதியும் பிள்ளையை வளாகத்துக்குள் கொண்டுபோய் விடுகின்றன. உள்ளே அவளை நிலைக்கச் செய்வது இப்படியான சின்னக் காரியங்கள்தான்.

மறுநாள் நானும் அவளும் இஸ்தோப்பில் இருந்து வேலை செய்தோம். ஒப்படையின் தலைப்பு, உங்கள் ஊரின் தொழில். புத்தகத்தில் இருந்து அவள் எடுத்திருந்த வசனங்கள் தேயிலை ஏற்றுமதி பற்றியவை. புத்தகத்தை மூடிவைக்கச் சொன்னேன். “பிரட்டுக்களத்தைப் பற்றி அம்மாயியிடம் கேள். கேட்டதை எழுது” என்றேன். தங்கை சொல்லச் சொல்ல அவள் தமிழில் குறித்துக்கொண்டாள். இரவு அதை ஆங்கிலத்தில் எழுதினாள். பிழைகள் இருந்தன. நான் கை வைக்கவில்லை.

திங்கட்கிழமை விடிய முன்னரே பஸ் ஏறிவிட்டாள். புதன்கிழமை பின்னேரம் தொலைபேசியில் பேசினாள். கதவுக்கு வெளியே கால் மணி நேரம் நின்றாளாம். விரிவுரையாளர் இளம் சிங்களப் பெண்; அவரே எழுந்துவந்து உள்ளே கூட்டிப்போனாராம். “இந்தத் தவணையில் இந்த நேரத்துக்கு வந்த முதல் ஆள் நீர்தான்” என்றாராம். யாருமே வராததை அவர், யாருக்கும் உதவி தேவையில்லை என்று எடுத்துக்கொண்டிருந்தார் போலும்.

திருத்திக் கொடுத்த ஒப்படைக்கு ஐம்பத்திரண்டு புள்ளிகள் கிடைத்தன. செய்தியை நான்தான் தங்கைக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்:

“நூத்துக்கு ஐம்பத்திரண்டுன்னா அரைப்பேரா அண்ணே?”

“இல்லை. முழுப்பேர்” என்றேன்.