தொழுதோரும் சுட்டோரும்

உத்தமபாளையத்தில் நாம் அரபு இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கையில் மாணவனொருவன், “காத்தான்குடியில் தொழுதோரும் சுட்டோரும் பேசியது தமிழ்தானே, ஹஜ்ரத்?” என்றான். 1990 ஆகஸ்டு 3 இரவு, பள்ளிவாசலில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை எங்கோ படித்திருக்கிறான்.

ஆம், தமிழ்தான். சுட்ட பாவம் சுட்டவரைச் சாரும். ஆயினும் பிளவு ஆழமானதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1987 ஒப்பந்தத்தை ஒட்டி, அமைதி காக்கவென்று இந்தியப் படை இலங்கை சென்றது. மறு ஆண்டு வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாயின. கிழக்கில் மூன்றிலொரு பங்கினரான முஸ்லிம்கள் அதில் ஏறக்குறைய ஆறிலொரு பங்காயினர். அவ்வொப்பந்தத்தில் அவர்கள் ஒரு தரப்பாகவே இல்லை. போதாதென்று, தனக்கு வேண்டிய தமிழ்க் குழுக்களுக்கு இந்தியா ஆயுதமும் அளித்தது. 1990 மார்ச்சில் படை கப்பலேறிற்று. ஆயுதங்கள் அங்கேயே தங்கின. அக்டோபரில் வடபுல முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர்.

இதை மாணவனிடம் சொல்ல நமக்கு நாணமாயிருந்தது. சென்றது நம் படையன்றோ!